மிக்கேல்துறையின் நாற்பத்தொன்றாவது கல்லறை

காஜா நவாஸ் தோஹாவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். போனது ஸ்டோர் கீப்பராக, திரும்பியது புராஜெக்ட் மேனேஜராக. தொண்டியில் அவருடைய தெருக்காரர்களுக்கு அது என்ன வேலை என்று சரியாகப் பிடிபடவில்லை. இன்ஜினியரா என்றால் இல்லை. கான்ட்ராக்டரா என்றால் அதுவும் இல்லை. பள்ளிவாசலில் யாராவது கேட்டால், "நான் ஒரு கல்லும் தூக்கி வைக்க மாட்டேன். தூக்கி வைக்கிறவன் எதுக்காகவும் சும்மா நிக்காமப் பாத்துக்குவேன்" என்பார்.

உலகக் கோப்பைக்காக எழுப்பிய கட்டடங்கள் முடிந்ததும் அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். ஆறு மாதம் வீட்டில் இருந்தார். வீட்டில் எந்தப் பொருள் எப்போது தீரும் என்று அடுப்படிச் சுவரில் அவர் அட்டவணை ஒட்டியபோது அவர் மனைவி சபியா, "என்னங்க, நீங்க எங்கயாவது வேலைக்குப் போங்க" என்றார்.

அப்படி வந்ததுதான் மிக்கேல்துறை வேலை. தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டி நூற்றிருபது வீடுகள் உள்ள கத்தோலிக்க மீனவர் ஊர். ஒவ்வொரு வாடைக் காற்றுக்கும் கடல் பத்துப் பதினைந்து அடி உள்ளே வந்துகொண்டிருந்தது. நானூற்றிருபது மீட்டருக்குப் பாறாங்கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டும் ஒப்பந்தத்தை மதுரைக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. தோஹாவில் அவர் பார்த்த வேலைகளோடு ஒப்பிட்டால் ஒரு வாகன நிறுத்துமிடம் அளவுக்குக்கூட இது வராது. ஒப்பந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்து நிதானமாகப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: சுவர் செல்லும் தடத்தில் உள்ள கல்லறைத் தோட்டம், 41 கல்லறைகள், அகற்றப்பட வேண்டும்.

அந்த வரியை அவர் சபியாவுக்கு வாசித்துக் காட்டினார். சபியா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"கப்ரைத் தோண்டுற வேலையா?"

"நான் தோண்டலன்னா இந்த வருஷம் கடல் தோண்டிரும். போன வாடையில அஞ்சைக் கொண்டு போயிருச்சாம்."

"அவங்க சனம் என்ன சொல்றாங்க?"

"இனிமேதான் கேக்கணும்."

"அதைக் கேட்டுட்டு அப்புறம் ஒத்துக்கங்க" என்றார் சபியா.

ஜூன் முதல் வாரம் அவர் மிக்கேல்துறைக்குப் போனார். ஊர் கமிட்டித் தலைவர் மரியசெல்வம் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அறுபது வயது, இரண்டு படகு வைத்திருப்பவர். ஊரில் எந்த முடிவும் அவர் தலையசைக்காமல் நடக்காது. கல்லறைத் தோட்டத்தின் கடல் பக்கச் சுவர் விழுந்து மணலில் புதைந்து கிடந்தது. கரை ஓரத்தில் ஒரு கல்லறையின் சிமென்ட் மூலை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

"தோட்டத்த விட்டுட்டு சுவரை வளைச்சுக் கட்ட முடியாதா பாய்?" என்று மரியசெல்வம் கேட்டார்.

முடியாது என்று சுவரின் வரைபடத்திலேயே இருந்தது. ஆனாலும் நவாஸ் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அளவு எடுப்பவரோடு மறுபடி வந்து, கயிறு கட்டி, கடல் பக்கம் வளைத்தால் கல் எங்கே நிற்கும், ஊர்ப் பக்கம் வளைத்தால் எந்தெந்த வீடு போகும் என்று மணலில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டினார். கோடு ஒன்பது வீட்டுக்குள் போயிற்று. மரியசெல்வம் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்த்துவிட்டு வந்து, "சரி, ஆளுகளக் கூப்புடுறேன்" என்றார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போடலாம் என்று பங்குத் தந்தை ரூபஸ் சொன்னார். நவாஸ் வேண்டாம் என்றார். கூட்டத்தில் முதலில் பேசுகிறவனுடைய பேச்சே எல்லாருடைய பேச்சாகிவிடும் என்பது அவர் அனுபவம். ஒரு நோட்டில் நாற்பத்தொரு வரி போட்டுக்கொண்டார். இறந்தவர் பெயர், இறந்த வருஷம், வீட்டார், யார் சம்மதம் சொல்ல வேண்டும், யாருடைய சம்மதத்துக்குப் பிறகு அவர் சொல்வார். இந்தக் கடைசிக் கட்டம்தான் நோட்டில் முக்கியம். தம்பி ஒத்துக்கொண்டது அண்ணனுக்கு முன்பே தெரிந்தால் அண்ணன் மாட்டேன் என்பான். மூத்த மருமகளிடம் கேட்காமல் இளையவளிடம் கேட்டால் அந்த வீடு அத்தோடு சரி. காலையில் மீன் ஏலம் முடிந்து ஆட்கள் வலை உதறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போனார்.

பெரிய பேச்சு எதுவும் அவர் பேசவில்லை. எப்போது குழி திறக்கப்படும், யார் திறப்பார்கள், எலும்புகளை எதில் வைப்பார்கள், ஊருக்கு உள்பக்கம் அமையும் புதுக் கல்லறைத் தோட்டத்தில் எந்த இடம், பாதர் எந்த நேரம் ஜெபம் சொல்லி மந்திரிப்பார் என்று சொன்னார். பிறகு, "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி கேட்பார். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் உண்மையானது வெளியே வரும். ஒரு வீட்டில் அப்பனையும் மகனையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றார்கள், உயிரோடு இருந்தபோது பேசிக்கொள்ளாதவர்கள். இன்னொரு வீட்டில், பிரசவத்தில் செத்த குழந்தை தாயின் குழியிலேயே இருக்கிறது, அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லையே என்றார்கள். எல்லாவற்றையும் தமிழில் எழுதி அவர்களுக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

ஜூலை கடைசிக்குள் நாற்பது கையெழுத்து வந்துவிட்டது. நாற்பத்தொன்றாவது வரி மட்டும் காலியாக இருந்தது. கில்பர்ட், இறந்தது எட்டு வருஷத்துக்கு முன்பு, வீட்டார் மனைவி ஹெலன்.

கில்பர்ட், மரியசெல்வத்தின் தம்பி. பைபர் படகில் தனியாக நண்டு வலைக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. பதினோராம் நாள் தொண்டிக்கு வடக்கே ஒரு உடல் ஒதுங்கியது. மரியசெல்வம் போய்ச் சட்டையைப் பார்த்து அடையாளம் சொன்னார். பிரேதப் பரிசோதனை முடிந்து மூடிய பெட்டியில் வந்தது. ஹெலனைப் பார்க்க விடவில்லை. இவ்வளவும் நவாஸுக்கு ஊரார் சொல்லித் தெரிந்தது.

ஹெலன் கருவாட்டுக் கொட்டகை வைத்திருந்தாள். மகள் மதுரையில் நர்சிங் படித்தாள். நவாஸ் போகும்போதெல்லாம் ஹெலன் மரியாதையாகப் பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போடுவாள். "திறக்க வேணாம் சார்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பாதர் போய்ப் பேசினார். மரியசெல்வம் போய்ச் சத்தம் போட்டார். "எல்லாருக்கும் சரின்னா இவளுக்கு என்னவாம்? ஊரையே கடல்ல விடப் பாக்குறா." மதுரையிலிருந்து கம்பெனி எம்.டி. போனில், ஒரு கையெழுத்துக்காக நிற்க முடியாது, தாசில்தார் உத்தரவு இருக்கிறது, போலீஸை வைத்து எடுத்துவிடலாம் என்றார். நவாஸ், "பதினைஞ்சு நாள் குடுங்க" என்றார். அந்தப் பதினைந்து நாளும் வேலை நிற்காதபடி, புதுத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதை முன்னால் இழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் வீரையா கமுதிக்காரர், வேகமான ஆள். "ஒரு பொம்பளைக்காக வரிசையவே மாத்துறீங்களே சார்" என்றார்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் ஒரு நாள் ஹெலன் தனியாகக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நவாஸ் நோட்டைக் காரிலேயே விட்டுவிட்டுப் போனார். சேரில் உட்காரவில்லை. கொட்டகைக் கம்பத்தை ஒட்டி நின்றார்.

"கையெழுத்துக் கேக்க வரல தங்கச்சி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. திறக்க வேணாம்னு சொல்றீங்களா, திறந்தா என்ன ஆகும்னு பயப்படுறீங்களா?"

ஹெலன் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். வரிசை முடிந்தது. அடுத்த வரிசைக்கு அவள் போகவில்லை.

"அவருக்கு இடது கால்ல ராடு வச்சிருந்தாங்க சார்" என்றாள். "முழங்காலுக்குக் கீழ. சாகுறதுக்கு மூணு வருஷம் முந்தி, படகு இழுக்கையில கால் உடைஞ்சு போச்சு. மதுரையில வச்சு ஆபரேசன் பண்ணுச்சு. ஸ்டீலு ராடு. மழைக்காலத்துல வலிக்குதும்பாரு."

ஹெலன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டி வந்தப்ப எனக்கு ஒரு நெனப்பும் இல்ல. அடக்கமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, போஸ்ட்மார்ட்டம் காயிதம்னு ஒண்ணு குடுத்தாங்கல்ல, அதை மகளை வாசிக்கச் சொன்னேன். காலைப் பத்தி ஒண்ணுமே இல்ல. ராடு இருந்துச்சுன்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. அன்னையிலருந்து இதுதான் சார். உள்ள இருக்கது அவருதானா?"

"மரியசெல்வம் அண்ணங்கிட்டச் சொன்னீங்களா?"

"அவரு சட்டையப் பாத்துச் சொன்னவரு. அழுதுக்கிட்டே சொன்னவரு. அவருகிட்டப் போயி எப்புடிக் கேக்க? எங்க மாமியா உசுரோட இருந்துச்சு. மகன் மண்ணுக்குள்ள போயிட்டான்னு அதுக்கு ஒரு நிம்மதி. நான் வாயத் தொறந்தா எல்லாருக்கும் போயிரும். எட்டு வருசமா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி கொளுத்துறேன். கொளுத்தையில யாருக்குன்னு தெரியாமத்தான் கொளுத்துறேன்."

நவாஸ் தோஹாவில் எத்தனையோ ஆட்சேபணைகளைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு வழி இருக்கும். இதற்கு எந்த வழி என்று அவளேதான் முடிவு செய்ய வேண்டும்.

"மூணு விதமாச் செய்யலாம்" என்றார். "நீங்க வராம, நாங்க எடுத்து வச்சிர்றோம். பாத்ததை உங்ககிட்டச் சொல்ல மாட்டோம். இல்லன்னா நான் பாத்துட்டு வந்து உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இல்லன்னா நீங்களே வந்து பாருங்க. எதுன்னாலும் உங்க இஷ்டம். கடைசியா வச்சுக்குவோம், நாற்பதும் முடியட்டும். அதுவரைக்கும் யோசிங்க."

"நீங்க பாத்துட்டுச் சொல்லாம இருக்க முடியுமா சார்?"

"முடியாது" என்றார்.

ஹெலன் தலையாட்டினாள். இரண்டு நாள் கழித்து அவளே சைட் ஆபீஸுக்கு வந்து நாற்பத்தொன்றாவது வரியில் கையெழுத்துப் போட்டாள். "நான் வாரேன்" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் வேலை தொடங்கியது. ஒரு நாளைக்கு ஐந்து கல்லறை. காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்பார்கள். கிழிந்த பாய்மரத் துணியால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். வருவாய் ஆய்வாளர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினார். அந்தந்த வீட்டார் மட்டும் உள்ளே வரலாம். தேக்குப் பலகையில் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் பித்தளைத் தகட்டில் பெயர். பெட்டிகளைச் செய்ய யாரை விட்டாலும் பெயர் வெட்டுவதை மட்டும் நவாஸ் ராமநாதபுரம் போய்ப் பக்கத்தில் நின்று வெட்டி வாங்கினார். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்பதற்காக.

எட்டு நாளில் நாற்பது முடிந்தது. ஒன்பதாம் நாள் செப்டம்பர் ஏழு.

அன்றைக்கு மறைப்புக்குள் ஆறு பேர் இருந்தார்கள். பாதர் ரூபஸ், மரியசெல்வம், குழி வெட்டுகிற இரண்டு பேர், ஹெலன், நவாஸ். வீரையா வெளியே நின்றார். ஆய்வாளர் தூரத்தில் தார்ப்பாய் நிழலில் இருந்தார். பெட்டிப் பலகை இற்றுப்போய் மணலோடு கலந்திருந்தது. எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார்கள். இடது கால் எலும்பு முழுசாக இருந்தது. உடைந்த தடம் இல்லை. ராடு இல்லை. குழி வெட்டுகிறவர் வலது காலையும் எடுத்துக் காட்டினார். அடி மணலைச் சலித்துப் பார்த்தார்கள். ஒரு பொத்தானும் துணிக் கந்தலும் மட்டும் வந்தன.

ஹெலன் துணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. நெடுநேரம் அந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்றாள்.

மரியசெல்வத்தின் முகம் சாம்பலாகிப் போயிருந்தது. முதலில் வாய் திறந்தவரும் அவர்தான்.

"பாதர், மந்திரிச்சுருங்க. பெட்டியில வச்சு மூடிருவோம். எட்டு வருசமா நம்ம பிள்ளையாத்தான் இருந்திருக்கான். இனியும் இருக்கட்டும்."

பாதர் நவாஸைப் பார்த்தார். நவாஸ் ஹெலனைப் பார்த்தார்.

"இல்ல அத்தான்" என்றாள் ஹெலன். "இவனையும் ஒருத்தி தேடிக்கிட்டு இருப்பா. என்னைய மாதிரி. எனக்கு இன்னைக்காவது தெரிஞ்சுச்சு. அவளுக்குத் தெரிய வேணாமா?"

"போலீசுக்குப் போச்சுன்னா வேலை நின்னுரும். வாடை வந்துரும். புரியுதா?"

"புரியுது."

"நான்தான் அடையாளம் சொன்னேன். ஊரு முன்னாடி நான் பொய்க்காரன் ஆயிருவேன். அது புரியுதா?"

ஹெலன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பொய் சொல்லல அத்தான். நீங்க அழுதுக்கிட்டுப் பாத்தீங்க. கண்ணு தெரிஞ்சிருக்காது." பிறகு நவாஸிடம் திரும்பி, "எழுதுங்க பாய்" என்றாள். அதுவரை அவள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

நவாஸ் வெளியே வந்தார். வீரையா ஏற்கெனவே மதுரைக்குப் போன் போட்டிருந்தார். போனை நீட்டினார். எம்.டி.யின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஆய்வாளர் பாத்தாரா?"

"இல்ல சார். இனிமேதான் நான் சொல்லணும்."

"எலும்புல பேரா எழுதியிருக்கு, நவாஸ்? அந்தம்மா புருஷன்னு உத்தரவுல இருக்கு. பெட்டிமேலயும் அந்தப் பேருதான் இருக்கு. மூடுங்க. கல் லாரி நாளைக்கு வருது."

நவாஸ் உடனே மறுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பிற்பாடு, இதை எழுதுகிற என்னிடம் அவரே சொன்னது: "ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். நூத்திருவது வீடு ஒரு பக்கம். பேரே தெரியாத ஒருத்தன் ஒரு பக்கம். இன்ன நாள்ல முடிச்சுத் தாரேன்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லியிருக்கேன். அந்தத் தேதியைக் காப்பாத்துறதா, பெட்டிமேல தெரிஞ்சே தப்பான பேரைப் போடாம இருக்குறதா?"

அவர் எம்.டி.யிடம், "ஒரு மணி நேரத்துல கூப்புடுறேன்" என்றார். நேராக ஆய்வாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் மேலதிகாரிக்குப் போன் செய்தார். நவாஸ் சைட் ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்து அட்டவணையைப் பிரித்துப் போட்டார். சுவரை வடக்கு முனையிலிருந்து ஒரே ஓட்டமாகக் கட்டுவதாக இருந்ததை மாற்றினார். இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கி, நடுவில் அந்தக் குழி இருக்கும் இடத்தில் முப்பது மீட்டரை மட்டும் விடுவது. கல் அள்ளிப் போட இன்னொரு ஹிட்டாச்சி வேண்டும், லாரிகள் வரும் நேரத்தை மாற்ற வேண்டும், ஊர்ப்பாதையில் எதிரெதிரே இரண்டு லாரி ஒதுங்க இடம் வேண்டும். எல்லாவற்றையும் எழுதி ஒரு மணி நேரத்துக்குள் எம்.டி.க்கு அனுப்பினார். எம்.டி. படித்துவிட்டு, "சரி, செய்யுங்க. ஆனா அந்த முப்பது மீட்டருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

அன்று மத்தியானமே போலீஸ் வந்து தோட்டம் முழுவதையும் கயிறு கட்டி மறித்தார்கள். நவாஸ் மறுநாள் அவர்களிடம் போய் நாற்பது குழிகளுக்குமான பதிவேட்டைக் காட்டி, அந்த ஒரு குழியைச் சுற்றி மட்டும் கயிறு போதும் என்று கேட்டு வாங்கினார். எலும்புகள் பரிசோதனைக்குப் போயின. மரியசெல்வத்தின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தார்கள். குழியைச் சுற்றியிருந்த கயிறு அக்டோபர் பன்னிரண்டு வரை அவிழவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் கல் ஏறிவிட்டது. நடுவில் முப்பது மீட்டர் வாய் திறந்து கிடந்தது. பன்னிரண்டாம் தேதி சாயங்காலமே ஹிட்டாச்சியை இறக்கினார்கள்.

ஐந்து நாள்தான் கிடைத்தது. பதினேழாம் தேதி காற்று வடகிழக்காகத் திரும்பியது. அந்த வருஷம் வாடை முன்கூட்டியே வந்ததாக எல்லாரும் சொன்னார்கள். முப்பது மீட்டரில் பன்னிரண்டு மீட்டர்தான் மூடியிருந்தது. மிச்சமிருந்த வாய் வழியாக, இரு பக்கமும் கல் தள்ளிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து உள்ளே வந்தது. முன்பு பரவலாக வந்தது இப்போது ஒரே இடத்தில் வேகமாக வந்தது. பழைய கல்லறைத் தோட்டம் ஒரே நாளில் காணாமல் போனது. ஆறு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. ஒரு வீட்டின் பின்சுவர் விழுந்தது. மரியசெல்வத்தின் வலைக் கொட்டகை மொத்தமும் போயிற்று. முன்பே எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நவாஸ் அந்த மூன்று நாளும் அங்கேதான் இருந்தார். மண் மூட்டை அடுக்கினார்கள், அலை இழுத்தது, மறுபடி அடுக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் மரியசெல்வம் அவர் முன்னால் வந்து நின்றார். வேட்டியெல்லாம் சேறு.

"செத்தவனுக்காக உசுரோட இருக்கவன் வீட்டைக் குடுத்துட்டீங்களே பாய்."

நவாஸ் தலைகுனிந்து நின்றார். "ஆமா அண்ணே" என்றார். ஆனால் அன்று பகல் முழுதும் இருவரும் ஒரே வரிசையில் நின்று மூட்டை கைமாற்றினார்கள்.

நவம்பரில் கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்தது. கடிதத்தில், கால அட்டவணையைக் காக்கத் தவறியதால் என்று இருந்தது. அது உண்மைதான் என்று அவரே சொல்வார். மிச்சம் பதினெட்டு மீட்டரை ஜனவரியில் வீரையா நின்று முடித்தார். வீரையா கட்டிய பகுதி நன்றாகவே நிற்கிறது.

பரிசோதனை முடிவு பிப்ரவரியில் வந்தது. அந்த எலும்புகளுக்கும் மரியசெல்வத்துக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. ஹெலனுக்கு அது புதிய செய்தி இல்லை. "அவரு கடல்லதான் இருக்காரு. எங்க இருக்காருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு" என்று பாதரிடம் சொன்னாள். மரியசெல்வம் மூன்று ஞாயிறு பூசைக்கு வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தார். பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் ஹெலனிடம், "மன்னிச்சுக்க தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எலும்புகள் திரும்பி வந்ததும் புதுத் தோட்டத்தில் நாற்பத்தொன்றாம் இடத்தில் அடக்கம் செய்தார்கள். பெயர் இருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டு, உடல் கிடைத்த தேதியை மட்டும் வெட்டிப் பதித்தார்கள். வெட்டிக்கொண்டு வந்தவர் நவாஸ். அப்போது அவருக்கு அங்கே வேலை இல்லை.

போலீஸ் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தது. அந்த உடல் ஒதுங்கிய வருஷத்தில் கடலில் காணாமல் போனவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும். பிறகு கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர். எல்லாரும் ஹெலன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அவள் காப்பி போட்டுக் கொடுத்துக் கொட்டகையில் உட்கார வைப்பாள். ரத்த மாதிரி கொடுக்க எங்கே போக வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அதை எழுதிக் கொடுத்தவரும் நவாஸ்தான்.

நவாஸுக்கு இப்போது உத்தரகோசமங்கைப் பக்கம் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை. சின்னக் கம்பெனி. போன மாதம் ஒரு நாள் ஹெலன் போன் செய்தாள். கோட்டைப்பட்டினத்துக்காரருக்கு முடிவு வந்திருக்கிறது, எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, வாசித்துச் சொல்ல வர முடியுமா என்று கேட்டாள். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

வந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் தேடுவது அண்ணனை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார். நவாஸ் வாங்கிப் பிரித்தார். இரண்டு பக்கத்தையும் கடைசி வரை படித்தார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "இல்ல தம்பி. உங்க அண்ணன் இல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் அதில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக விளக்கினார். வந்தவர் நடுநடுவே கேள்வி கேட்டார். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். நவாஸ் மூன்று முறையும் புதிதாகக் கேட்டது போலப் பதில் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் வந்தவர் எழுந்து நின்றார். வாசலுக்குப் போகவில்லை.

"அந்த இடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போகலாமா?" என்று ஹெலனிடம் கேட்டார்.

"வாங்க" என்றாள். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, தோட்டத்துக்குப் போகும் மணல் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.